எனக்குள் முளைத்த பாசி

கடலுக்குள் வேலை பார்க்கிற பெண்களுக்கு ஒரு வசதி உண்டு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் என் கதை அதில்தான் தொடங்குகிறது, அதனால் வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் நான்கைந்து மணி நேரம் நிற்கிறவள், ஒன்றுக்கு வந்தால் கரைக்குப் போவதில்லை. நின்ற இடத்திலேயே விட்டுவிடுவாள். பக்கத்தில் முங்குகிறவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும், அவளும் கொஞ்ச நேரத்துக்கு முன் அதைத்தான் செய்திருப்பாள்.

நான் பாசி எடுக்கிறவள். ஏர்வாடிக்குக் கிழக்கே கடலைப் பார்த்த ஒரு சின்ன ஊர். பன்னிரண்டாவது முடித்த கையோடு அம்மாவுடன் படகேறிவிட்டேன். முகத்தில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையைப் பற்றியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு எழ வேண்டும். காயவைத்த பாசி எங்கெங்கோ போய், மருந்திலும் ஐஸ்கிரீமிலும் சேருகிறது என்கிறார்கள். ஐஸ்கிரீம் தின்னும்போதெல்லாம் என் முதுகுவலி இதில் எத்தனை பங்கு என்று யோசிப்பேன்.

எங்கள் தொழிலுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. இரண்டும் எங்கள் பெண்களே போட்டுக்கொண்டவை. ஒன்று, வெயில் ஏறுகிற காலத்தில் ஒன்றரை மாதம் யாரும் பாசிக்குப் போகக் கூடாது. இன்னொன்று, பறிக்கும்போது அடியை விட்டுவிட வேண்டும். பாறையைக் கவ்விக்கொண்டிருக்கிற அந்த அடி இருந்தால்தான் மறுபடி முளைக்கும். அடியோடு பிடுங்கினால் பாறை மொட்டையாகிவிடும். மேலே வந்து "பாறை மொட்டையாக் கெடக்கு" என்று ஒருத்தி சொல்லிவிட்டால், அதற்கப்புறம் படகில் பேச்சே இருக்காது. அன்றைய பிழைப்பு போயிற்று என்று அர்த்தம். அம்மாவுக்கு இந்த இரண்டாவது கட்டுப்பாடு வேதம். அடியோடு பிடுங்குகிறவளைக் கண்டால் தண்ணீருக்குள்ளேயே கையைத் தட்டிவிடுவாள். என் கையும் தட்டு வாங்கியிருக்கிறது.

என்னைக் காப்பாற்றியது முதல் கட்டுப்பாடு. அது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

அதற்கு முந்திய ஒரு வருஷத்தில், ஒன்றுக்குப் போகும்போது மூன்று தடவை சிவப்பைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை, மாதவிடாய்தான் நாள் மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் தடவை அம்மாவிடம் சொன்னேன். "சூடுத்தா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். எங்கள் சீமையில் சூடு என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல, வியாதிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் விளக்கெண்ணெய் வைத்துவிட்டாள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். மறுநாளே சிவப்பு நின்றுவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அம்மா அந்தக் காக்கையை ஊர் முழுக்கப் புகழ்ந்துவிட்டு வந்தாள். மூன்றாம் தடவை பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். வயதைக் கேட்டார், இருபத்தெட்டு என்றேன். எழுதிக்கொண்டிருந்த தலையைத் தூக்காமலே, "கல்யாணம் ஆனவங்களுக்கு இது சகஜம்மா, இன்ஃபெக்‌ஷன்" என்று மாத்திரை கொடுத்தார். அதுவும் மறுநாளே நின்றுவிட்டது. வலி என்று எதுவும் இல்லை. வலிக்காத ஒன்றுக்கு யார் பயப்படுவார்கள்?

தானாக வருவதும் தானாக நிற்பதும்தான் அதன் சுபாவம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நடுவில் இன்னும் எத்தனை தடவை வந்து போனதோ எனக்குத் தெரியாது. மாதத்தில் பாதி நாள் நான் கடலில் நின்றேன். என் உடம்பு எனக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

யாரும் பாசிக்குப் போகாத அந்த வருஷத்துக் கட்டுக்காலம் வந்தது. வீட்டில் இருந்தேன். எங்கள் கழிப்பறையில் வெள்ளைப் பீங்கான். முதல் வாரமே ஒருநாள் காலையில் அந்த வெள்ளையில் சிவப்பு. மத்தியானமும் சிவப்பு. மறுநாளும் அப்படியே. மாதவிடாய் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது, அந்தச் சாக்கும் இல்லை. மூன்றாம் நாள் சிவப்போடு சின்னச் சின்னக் கட்டிகளும் வந்தன. தண்ணீர் ஊற்றாமல் கதவைத் திறந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் லோடு ஆட்டோவில் மீன் பெட்டி ஏற்றுகிறவர். சுறாவை அறுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டீ குடிக்கிற மனிதர். எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன நாளா?"

"மூணு நாளா. முன்னாடியும் வந்துருக்கு. அம்மா சூடுன்னுச்சு."

"இது சூடு இல்ல புள்ள. சேலைய மாத்து, ராம்நாடு போவோம்."

ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். நிறையத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். பத்து வருஷமாக நின்ற இடத்தில் விட்டுப் பழகியவளிடம் அடக்கச் சொன்னால் எப்படி? என் முறை வருவதற்கு இரண்டு பேர் இருக்கும்போது தாங்க முடியாமல் ஓடிப்போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தேன். உள்ளே போனால் ஸ்கேன் டாக்டர், ஏறக்குறைய என் வயதுப் பெண், கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீர்ப்பை காலியா இருக்கே. காலிப் பையில எனக்கு ஒண்ணும் தெரியாது. திரும்பக் குடிங்க, நான் இருந்து பாத்துட்டே போறேன்" என்றார். அவர் சாப்பாட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் அது. "நார்மல்" என்று எழுதி அனுப்பியிருந்தால் நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் அவருக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இரண்டாம் தடவை பை நிறைந்திருந்தது. திரையில் கறுப்பாக ஒரு குளம். அதுதான் என் நீர் என்றார். குளத்தின் ஓரத்தில் வெளுப்பாக என்னவோ ஒன்று, சின்னக் கோலிக்குண்டு அளவில், கரையிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"இடது பக்கம் புரண்டு படுங்க."

புரண்டேன்.

"இப்ப வலது பக்கம்."

புரண்டேன். கல்லாக இருந்தால் பைக்குள் உருண்டிருக்குமாம். ரத்தக் கட்டியாக இருந்தாலும் நகர்ந்திருக்குமாம். இது இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் நீலமும் மினுங்கின. அதற்குள் ரத்தம் ஓடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் புரிந்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருக்கிறது, நகரவில்லை, உயிரோடு இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன என்று பாசி எடுக்கிறவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த நிலையிலும் இன்னொன்று தோன்றியது. தோலை அறுக்காமல், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், வெறும் சத்தத்தை உள்ளே அனுப்பி இந்தப் பெண் என் பைக்குள் முங்கிப் பார்க்கிறாளே என்று மலைப்பாக இருந்தது.

மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே நீர்ப்பை டாக்டர் நரைத்த மீசைக்காரர், பேச்சில் அவசரமே இல்லாதவர். படங்களையெல்லாம் பார்த்துவிட்டு என்னிடம், "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதம்மா. கேக்க வேண்டியதைக் கேக்கணும். சாயப்பட்டறையில வேலை பாத்தியா?"

"இல்ல சார். கடல்லதான்."

"இந்த மாதிரி புத்துக்கட்டி பெரும்பாலும் அறுபது தாண்டுன, புகை பிடிக்கிற ஆம்பளைங்களுக்கு வர்றது. உன் வயசுல அபூர்வம். அபூர்வங்கிறதாலேயே யாரும் நினைச்சுப் பாக்கிறதில்ல. வயசைப் பாத்து நாங்களே ஏமாந்துடறோம். வலியில்லாம ரத்தம் வந்தா, அது எந்த வயசானாலும் ஒரு தடவை உள்ள பாத்துடணும்."

ஒரு தாளை எடுத்துப் பை ஒன்று வரைந்தார். உள்தோல், அதற்கடியில் மெல்லிய ஒரு படலம், அதற்கும் அடியில் சதை. கட்டி உள்தோலோடு நின்றிருந்தால் ஒன்றுக்குப் போகிற வழியில் குழாய் விட்டே சுரண்டி எடுத்துவிடலாம். சதைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டி வரலாம், பெண்களுக்கு அதோடு கர்ப்பப்பையும் போகலாம் என்றார். கல்யாணமாகி நான்கு வருஷம், எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் அன்றைக்கு முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு வேறு யாருடையதோ போலக் கிடந்தது. ஆனால் விழித்திருந்தேன். தலைக்குப் பக்கத்தில், குழாய் உள்ளே பார்ப்பதைக் காட்ட டிவி மாதிரி ஒரு திரை இருந்தது.

"பாக்குறியாம்மா? பயமா இருந்தா அந்தப் பக்கம் திருப்பிடச் சொல்றேன்."

"பாக்குறேன் சார். தண்ணிக்குள்ள பாக்குறதுதான என் வேலையே."

முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு தண்ணீர். குழாய் வழியாகத் தண்ணீரை விட்டுப் பையை விரித்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன தண்ணி சார்?"

"உப்புத் தண்ணி. உன் ரத்தத்துல எவ்வளவு உப்பு இருக்கோ அவ்வளவு."

பத்து வருஷமாக உப்புத் தண்ணீருக்குள் நான் முங்கியிருக்கிறேன். எனக்குள்ளேயும் உப்புத் தண்ணீரை நிறைத்து வேறொருவர் முங்குகிறார். வெளிர் சிவப்பில் சுவர், அதில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள், எங்கும் ஒரு கறை இல்லை. டாக்டர் குழாயை ஒரு மூலைக்குக் கொண்டுபோனார். அங்கே சின்னதாக ஒரு வாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திறந்து, மணலில் புதைந்த மட்டிச் சிப்பி தண்ணீர் பீய்ச்சுவதுபோலக் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு மூடிக்கொண்டது. எதிர்ப்பக்கம் இன்னொரு வாய். அதுவும் பீய்ச்சியது.

"கிட்னியிலேர்ந்து வருது. வலது ஒண்ணு, இடது ஒண்ணு" என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை. நான் தூங்கும்போதும், வீட்டுக்காரரோடு சண்டை போடும்போதும், மூச்சடக்கிப் பாறையைத் தடவும்போதும் இந்த இரண்டும் ஒரு நாள் லீவு கேட்காமல் இதைச் செய்துகொண்டிருந்திருக்கின்றன. இருபத்தெட்டு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்தவளுக்கு இப்படி ஒரு இடம் உள்ளே இருப்பதே தெரியாது. கோயிலுக்குள் நிற்கும்போதுகூட எனக்கு அப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை.

பிறகு அதைக் காட்டினார். இடது வாய்க்குக் கொஞ்சம் மேலே, சுவரில் ஒரே காம்பு. அதிலிருந்து மெல்லிய இழைகள் கொத்தாகப் பிரிந்து, டாக்டர் விட்ட நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு இழைக்குள்ளும் சிவப்பாக ஒரு கோடு. அது அழகாக இருந்தது. என்னைக் கொல்ல வந்ததை அழகு என்று சொல்வது அபசகுனம் என்று அம்மா திட்டுவாள், ஆனாலும் உண்மை அதுதான். கலங்கலில்லாத நாளில், ஆளே முங்காத பாறையில், முதல் பாசியைப் பார்த்தால் என் கை எப்படிப் பரபரக்குமோ அப்படிப் பரபரத்தது.

"பாசி சார் இது" என்றேன்.

"எங்க புஸ்தகத்துலயும் கிட்டத்தட்ட அப்படித்தாம்மா போட்டிருக்கு" என்றார்.

வளைந்த கம்பி ஒன்று வந்தது. இழைகளைத் துண்டு துண்டாக அறுத்தது, துண்டுகள் தண்ணீரில் சுழன்று போயின. கொத்து முழுக்கப் போனதும் நான் முடிந்தது என்று நினைத்தேன். கம்பி மறுபடி அதே இடத்துக்கு வந்தது. இப்போது சுவரையே தோண்டியது. "அடியிலேர்ந்து தனியா எடுக்கிறேன். சதையும் சேந்து வரணும். இதுதான் நமக்குப் பதில் சொல்லும்" என்றார் டாக்டர். பத்து வருஷமாகத் தொடக் கூடாது என்று கற்ற இடத்தை அவர் தொட்டார். யாராவது கையைத் தட்டிவிட வருவார்களோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

வெளியே நடந்ததை வீட்டுக்காரர் பின்னால் சொன்னார். எடுத்ததை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து உறவுக்காரர்களிடம் காட்டுவது வழக்கமாம். அவர் பார்க்கவில்லையாம், முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அம்மாதான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாமி, அடியோட எடுத்துட்டீகளா?"

டாக்டர் கொஞ்சம் அசந்துபோய், "நான் சொல்லலாம்னு வந்ததை நீங்களே கேட்டுட்டீங்க. எடுத்துட்டேன். அடி எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும்" என்றாராம்.

ரிப்போர்ட் வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் எங்கள் ஊர் எனக்கு இருபது காரணம் கண்டுபிடித்தது. உப்புத் தண்ணியில நின்னா இப்படித்தான் என்றார்கள். புருஷன் சம்பாத்தியம் போதாதா என்றார்கள். பார்க்க வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தே நான் தேறினேன். அம்மா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் போட மாட்டாள். ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"நாந்தான உன்னையக் கடலுக்குக் கூட்டிப் போனேன். அங்கன விட்ட அடியெல்லாம் இங்கன வந்து மொளச்சிருச்சோன்னு இருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நடந்ததற்கெல்லாம் கடலும் பொறுப்பில்லை, அவளும் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையைப் பார்த்ததும் கத்த முடியவில்லை. விரல் நுனியெல்லாம் பாறை கீறிய வடு. அதனால் திரையில் பார்த்ததைச் சொன்னேன். இரண்டு வாயும் மாறி மாறிப் பீய்ச்சியதைச் சொன்னேன். "நீ பெத்த உடம்புதானம்மா அது. ஒரு நாள்கூட நிக்கல. அவ்வளவு சுத்தமா இருந்துச்சு" என்றேன். அம்மா தட்டை இழுத்துக்கொண்டாள். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

பதினோராம் நாள் மதுரையில் டாக்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வந்தார். "மேலோட உள்தோல்லதான் இருந்திருக்கு. அடியில எடுத்த சதை சுத்தம்." வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்து, எந்தக் கோடு என்று காட்டச் சொன்னார். டாக்டர் பேனாவால் காட்டினார். சதையின் கோட்டுக்கு வெகு மேலே நின்றிருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டர். "இது திரும்ப மொளைக்கிற சாதி. மூணு மாசத்துல வந்து உள்ள பாக்கணும். அப்புறமும் வருஷக்கணக்கா வரணும். நின்னுடாத."

கட்டுக்காலம் முடிந்து ஊர் கடலுக்குப் போனது, அம்மாவும் போனாள். நான் கரையில் பாசி காயவைத்தேன். அந்த மூன்று மாதமும் ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் குனிந்து பார்த்தேன். படகுப் பெண்களுக்கும் சொல்லி வைத்தேன், கடலில் விடுவது விடுங்கள், வீட்டில் ஒரு தடவையாவது குனிந்து பாருங்கள் என்று. முதலில் கேலி செய்தார்கள். இப்போது படகேறும்போதே ஒருத்தியை ஒருத்தி, "என்ன கலருடி?" என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து மதுரை. இந்தத் தடவை ஊசிகூட இல்லை, மரத்துப்போகிற மருந்தை விட்டு மெல்லிய குழாய் ஒன்று. அதே வெளிச்சம், அதே உப்புத் தண்ணீர். இரண்டு வாய்களும் அவை பாட்டுக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. டாக்டர் இடது வாய்க்கு மேலே குழாயைக் கொண்டுபோனார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நீரோட்டத்தில் எதுவும் ஆடவில்லை. வெளுத்த ஒரு தழும்பு, சுற்றிலும் வழுவழுப்பான சுவர். மேலே, கீழே, மடிப்புகளுக்குள் எல்லாம் காட்டச் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் காட்டினார்.

வெளியே வந்தேன். அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் சொன்ன வார்த்தைகளை நான் தேடினேன். எதுவும் அவளுக்குப் பற்றாது என்று பட்டது.

"பாறை மொட்டையாக் கெடக்கும்மா" என்றேன்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இடுக்கெல்லாம் பாத்தியா?"

"பாத்தேன்."

"அடி?"

"அடியும் இல்ல."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"மொட்டையாவே கெடக்கட்டும்த்தா."